எல் போர்டு ஆச்சியின் அரைப்புள்ளி

காரைக்குடியில் இன்று கார் ஓட்டும் பெண்களுள் பெரும்பாலோர் விசாலம் ஆச்சியின் வலப்பக்கத்தில் அமர்ந்து ஓட்டப் பழகியவர்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில் பயில்பவருக்கு வலப்பக்க இருக்கை, பயிற்றுபவருக்கு இடப்பக்க இருக்கை. இடப்பக்கத்தில் இருப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்த இரண்டாவது பிரேக்கின்மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் ‘எல்’ பலகை கட்டிய வெள்ளைக் காரில் ஆச்சி வலம் வராத தெரு இவ்வூரில் இல்லை. ‘எல் போர்டு ஆச்சி வீடு எது?’ என்று கேட்டால் செக்காலையிலும் சொல்வார்கள், கழனிவாசலிலும் சொல்வார்கள்.

தேவகோட்டையில் பிறந்து, கணிதத்தில் பட்டம் பெற்று, காரைக்குடியில் சாத்தப்பன் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டவர் அவர். சாத்தப்பனின் பங்காளிகள் மரக்கடை, வட்டிக்கடை, ஏற்றுமதி என்று தொழில் செய்துகொண்டிருக்க, அவர் மட்டும் இரண்டு பழைய கார்களை வாங்கி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். ‘செட்டி வீட்டுப் பிள்ளை கிளட்ச்சு மிதிக்கச் சொல்லிக் கொடுப்பதா?’ என்று உறவினர் நகைத்தனர். பெண்கள் கற்க வந்தபோது ஆடவரின் அருகில் அமரத் தயங்கினர். ‘நீ கத்துக்க, அப்புறம் நீயே கத்துக் குடு’ என்று மனைவியிடம் சொன்னார் சாத்தப்பன். விசாலம் கற்றார்; கற்பித்தார். கணவர் காலமானபின் பள்ளியைத் தனியாகவே நடத்திவருகிறார். பணி ஓய்வுக்குப்பின் அவரிடம் கார் பழகியவர்களுள் நானும் ஒருவன்.

ஆச்சியின் பயிற்று முறை தனித்தன்மை வாய்ந்தது. பயில்பவர் தவறு செய்யும்போது அவர் குரலை உயர்த்தமாட்டார். ‘பார்த்து, பார்த்து’ என்று பதறவும் மாட்டார். இனிப் பொறுத்தல் ஆகாது என்னும் கணத்தில் அவருடைய பாதம் அழுந்தும், வண்டி நிற்கும். பிறகு, “இப்ப ஏன் நின்னுச்சு?” என்று கேட்பார். காரணத்தைப் பயில்பவரே சொல்லவேண்டும். சொல்லாதவரை வண்டி நகராது. பின்னால் நிற்பவர்கள் எவ்வளவு ஒலி எழுப்பினாலும் சரியே.

அவருடைய இன்னொரு விதி ஊரறிந்தது. பாண்டீஸ்வரி என்னும் செவிலியர் அவரிடம் பழகிக்கொண்டிருந்தபோது, வண்டியைப் பின்னோக்கி எடுக்கையில் ஒரு மருந்துக் கடையின் விளம்பரத் தட்டியைச் சாய்த்துவிட்டார். கடைக்காரர் வெளியே ஓடிவந்து பாண்டீஸ்வரியை ஏசத் தொடங்கினார். ஆச்சி இறங்கிச் சென்று இடையில் நின்றார்.

“அவ மேல ஏன் பாயுறீக? ஓட்டுனது நான்.”

“நீங்களா? ஸ்டீரிங்கு அந்தப் பிள்ளை கையிலல்ல இருந்துச்சு!”

“பிரேக்கு என் காலுலல்ல இருந்துச்சு. லைசென்சு வாங்குற வரைக்கும் அவ ஓட்டல, நாந்தான் ஓட்டுறேன். தட்டி என்ன வெலைன்னு சொல்லுங்க.”

புதுத் தட்டியை ஆச்சியே செய்து கொடுத்தார். பழைய தட்டியைவிடப் பெரிதாக அமைந்துவிட்டதால் கடைக்காரருக்கு வருத்தம் நிலைக்கவில்லை.

சாத்தப்பனுக்குப் பள்ளியைத் தவிர இன்னொரு நாட்டமும் இருந்தது. அது பங்குச் சந்தை. நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை அவர் பிறர் செய்தித்தாள் படிப்பதைப்போலப் படிப்பார். சுடரோன் மோட்டார்ஸ் என்னும் மின்சாரக் கார் நிறுவனம் பங்கு வெளியிட்ட காலத்திலேயே அதில் அவருக்கு நம்பிக்கை பிறந்தது. தங்கள் கார் ஒருநாள் தானே ஓடும், ஓட்டுநர் வேண்டியிராது என்று அந்நிறுவனத்தார் அறிவித்தனர். பங்கு வாங்கிய அன்று கணவனும் மனைவியும் பேசிக்கொண்டதை ஆச்சி பலமுறை சொல்லிச் சிரித்ததுண்டு.

“ஆளே இல்லாம வண்டி ஓடுச்சுன்னா நம்ம பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு வாங்க வேண்டியதுதான்.”

“பூட்டு வாங்கக் காசு வேணும்ல? அதுக்குத்தான் பங்கு வாங்குறேன்.”

தம் பெயரில் வாங்கியதோடு சாத்தப்பன் நிற்கவில்லை. குடும்பப் பொது வீட்டுக்கென இருந்த நிதியிலும் ஒரு பெரும் பகுதியை அந்தப் பங்கிலேயே இடும்படி பங்காளிகளை இசைவித்தார். இங்குப் பொது வீடு என்பதை விளக்கவேண்டும். பாட்டனார் கட்டிய வீடு அது. இன்று எவரும் அதில் நிலையாகக் குடியிருக்கவில்லை. எல்லாப் பங்காளிகளுக்கும் உரியது. அதன் செலவையும் முடிவுகளையும் புள்ளிக் கணக்கில் பகிர்ந்துகொள்வர். நகரத்தார் வழக்கில் மணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி. கணவனோ மனைவியோ மறைந்தால், எஞ்சியிருப்பவர் அரைப்புள்ளி. வரி கொடுக்கும்போதும் அரைதான். கருத்துச் சொல்லும்போதும் அரைதான். அந்த வீட்டுக்கு ஆறரைப் புள்ளி. அந்த அரை, நம் விசாலம் ஆச்சி.

அரைப்புள்ளி ஆனதைப் பற்றி அவர் குறைபட்டு நான் கேட்டதில்லை. ஆனால், கணவர் விட்ட இடத்திலிருந்து ஆண்டறிக்கைகளை அவர் படிக்கத் தொடங்கினார். அதிலும் ஒரு முறை வைத்திருந்தார். தம்மிடம் இருக்கும் பங்கைக் குறை கூறி எழுதுபவர்களை முதலில் படிப்பார். புகழ்ந்து எழுதுபவர்களைப் பின்னால் படிப்பார். காரணம் கேட்டேன். “புகழ்றதைத்தான் மனசு ஏற்கனவே சொல்லிக்கிட்டிருக்கே சார்” என்றார்.

சென்ற ஆண்டு தை மாதம் அந்த வீட்டில் படைப்பு நடைபெற்றது. முன்னோருக்குப் புத்தாடையும் உணவும் படைத்து வணங்கும் அந்நாளில் எல்லாப் புள்ளிகளும் வந்து கூடுவர். படைப்பு முடிந்து, பந்தியும் முடிந்தபின், வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது முற்றத்தை அடுத்த உட்பகுதியில், பாய் விரித்து அமர்ந்தனர். அமர்ந்தவர்களின் தலைக்குமேலேயே அன்றைய சிக்கல் இருந்தது. ஐப்பசி மழையில் அந்தக் கட்டின் கூரை ஒழுகி, உத்திரங்கள் இரண்டு உளுத்துவிட்டிருந்தன. கூரையை மாற்றுவதற்கு இரண்டே வழிகள்: சுடரோன் பங்குகளை விற்பது, அல்லது பங்குகளை வைத்துக்கொண்டு புள்ளிவாரியாகப் புதிதாய் வரி போடுவது.

பங்காளிகளுள் மூத்தவரான மெய்யநாதன் மதுரையில் மரக்கடை வைத்திருப்பவர். உளுத்த உத்திரத்தைக் கண்டால் அவருக்கு உறக்கம் வராது.

“வித்துருவோம். உத்தரம் தலையில விழுந்த பெறகு பங்கை வித்து ஆசுபத்திரிக்குக் கட்டவா போறோம்?” என்றார்.

பெங்களூரில் மென்பொருள் பணியில் இருக்கும் பங்காளி மகன் நாராயண் எழுந்து நின்றுவிட்டான்.

“பெரியப்பச்சி, இப்ப வித்தீகன்னா பின்னால வருத்தப்படுவீக. இதைக் கார் விக்கிற கம்பெனியாப் பாக்காதீக. ரோட்டுல ஓடுற ஒவ்வொரு வண்டியும் அந்தக் கம்பெனிக்குப் பாடம் படிச்சுக்கிட்டிருக்கு. நாளைக்கு ஆளில்லாத டாக்சியா ஓடும். சும்மா நிக்கிற நேரத்துல நம்ம வண்டியே போய்ச் சம்பாரிச்சுட்டு வரும். அன்னைக்கு இந்த வெலைக்குக் கெடைக்காது.”

“நாளைக்குன்னா எந்த நாளைக்கு?” என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அது நாராயணின் மனைவி சௌபர்ணிகா, பட்டயக் கணக்காளர். “போன வருசம், அடுத்த வருசம்னாக. இந்த வருசமும் அடுத்த வருசம்ங்கிறாக. நடுவுல வண்டி விற்பனை கொறஞ்சிருக்கு. போட்டிக்காரங்க வெலையை எறக்கிட்டாங்க. பங்கு வெலை மட்டும் டாக்சி ஓட ஆரம்பிச்சுட்ட மாதிரி நிக்குது. வராத டாக்சிக்கு இப்பவே வாடகை குடுத்துக்கிட்டிருக்கோம்.”

“அப்பிடிச் சொல்லுத்தா!” என்றார் மெய்யநாதன். “நாராயணா, உன் புள்ளிக்குள்ளயே ரெண்டு கட்சியா இருக்கே. உன் ஓட்டு எங்குட்டு?”

“வீட்டுல அவ சொல்றதைக் கேக்குறேன். இங்க எங்க புள்ளிக்கு நாந்தான் பேசணும்.”

“வீட்டுல எப்பக் கேட்டீங்க?” என்றாள் சௌபர்ணிகா. கட்டு முழுவதும் சிரித்தது.

காரைக்குடிக்குப் பட்டிமன்றம் புதிதன்று. ஆயினும் அன்றைய மன்றத்துக்கு நடுவர் இல்லை. புள்ளிகளை எண்ணித்தான் தீர்க்கவேண்டும். எண்ணினார்கள். விற்கலாம் என்பவர் மூன்று புள்ளி. வைத்திருக்கலாம் என்பவர் மூன்று புள்ளி. எல்லார் கண்களும் தூணோரம் அமர்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த விசாலத்தின் பக்கம் திரும்பின.

“பாத்தீகளா, மூணும் மூணும் முட்டிக்கிட்டு நிக்க அரை ஜெயிக்கப் போகுது” என்று எவரோ சொன்னார்.

நாராயண் கையை விரித்தான். “சின்னாத்தா விக்கத்தான் சொல்லுவாக. வண்டி தானா ஓடுச்சுன்னா அவுக பள்ளிக்கூடம் என்னாகிறது?”

“விசாலமா? விக்கச் சொல்லாது” என்றார் மெய்யநாதன். “தம்பி வாங்கி வச்சது. அது மேல கை வைக்க அதுக்கு மனசு வராது.”

ஆச்சியின் நிலையை இங்குத் தெளிவாகச் சொல்லிவிடுதல் வேண்டும். விற்கச் சொன்னால், தம் பிழைப்புக்கு அஞ்சிப் பொதுப் பணத்தின் வளர்ச்சியைத் தடுத்தார் என்பார்கள். வேண்டாம் என்றால், கணவர்மேல் உள்ள பற்றினால் பிள்ளைகள் தலைக்குமேல் உளுத்த உத்திரத்தைத் தொங்கவிட்டார் என்பார்கள். அவர் எதைச் சொன்னாலும் அது அவருடைய அறிவின் முடிவாகக் கொள்ளப்படாது. ‘ஓட்டுனது நான்’ என்று தம் வாயாலேயே பழியை ஏற்றுப் பழகிய ஒருவருக்கு, தம் வாய்ச்சொல்லுக்கு மதிப்பின்றிப் போவதைக் காட்டிலும் பெரிய இழப்பு வேறில்லை.

அவர் வெற்றிலையை மடித்து வைத்தார்.

“ரெண்டு பேரும் என் மனசுக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்துட்டீகளா? நல்லது. நாளைச் சாயந்தரம் சொல்றேன். அதுக்கு முன்ன அந்த வண்டிய எனக்குக் காட்டு, நாராயணா. என்கிட்டப் படிக்க வர்ற பிள்ளைகளை எப்பிடிப் பாப்பேனோ அப்பிடியே பாக்குறேன்.”

“எட்டுப் போடச் சொல்லப் போறீகளா, சின்னாத்தா?”

உரிமம் வழங்குமுன் எட்டு எழுத்தின் வடிவில் வண்டியைச் சுற்றிவரச் சொல்லும் தேர்வைத்தான் அவன் குறிப்பிட்டான்.

“எட்டு ஆர்.டி.ஓ. ஆபீசோட முடிஞ்சுபோச்சு. ரோட்டுல எவன் எட்டுப் போடுறான், குடிச்சவனைத் தவிர?”

மறுநாள் காலை, மதுரையில் உள்ள விற்பனையகத்திலிருந்து சதீஷ்குமார் என்னும் இளைஞர் சுடரோன் காரைக் கொண்டுவந்தார். வாங்க வருபவர்களுக்கு வண்டியை ஓட்டிக்காட்டுவது அவர் பணி. புள்ளிக் கணக்கில் சேராத ஒருவர் உடன் வருதல் நலம் என்று ஆச்சி என்னையும் அழைத்திருந்தார். பின்னிருக்கையில் நாராயண், சௌபர்ணிகா, நான். ஓட்டுநர் இருக்கையில் சதீஷ்குமார். ஆச்சி வழக்கம்போல் இடப்பக்கத்தில் அமர்ந்தார். அமர்ந்ததும் அவருடைய பாதம் தரையில் எதையோ தேடியது. அங்கு இரண்டாவது பிரேக் இல்லை.

குன்றக்குடிச் சாலையில் ஏறியதும் சதீஷ்குமார் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, விரல்களை ஸ்டீரிங் சக்கரத்தின்மேல் பட்டும் படாமல் வைத்துக்கொண்டார். வண்டி தானே ஓடியது. நாராயணின் முகம் தன் குழந்தை மேடையேறிப் பாடுவதைப் பார்ப்பவன் முகத்தைப்போல் இருந்தது.

சிறிது தொலைவில் ஆடுகள் சாலையோரமாகப் போய்க்கொண்டிருந்தன.

“ஆட்டைப் பாக்காது, பாருங்க சார்” என்று ஆச்சி என் பக்கம் திரும்பிச் சொன்னார். அவர் பாதம் வெறுந்தரையை மிதித்தது. ஆனால், வண்டி அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டது. ஓர் ஆடு துள்ளிச் சாலைக்கு வந்தது, வண்டி நின்றது, ஆடு கடந்ததும் மெல்ல நகர்ந்தது.

“பாத்துருச்சே!” என்றார் ஆச்சி. “நான் சொன்னது தப்பு.”

குன்றக்குடி மலையடிவாரத்தில் கூட்டம் மிகுந்திருந்தது. பூக்காரர்களும், மொட்டையடித்த குழந்தைகளைத் தோளில் ஏற்றியவர்களும் சாலையிலேயே நடந்தனர். நகரப் பேருந்து ஒன்று வழியை அடைத்துக்கொண்டு ஆள் ஏற்றியது. கார் பொறுமையாகப் பின்னால் நின்றது, இடம் கிடைத்தபோது நகர்ந்தது, கிடைக்காதபோது நின்றது.

“ஹாரன் அடிக்கவே இல்ல, கவனிச்சீகளா?” என்றார் ஆச்சி. “இந்த ஒண்ணைச் சொல்லிக் குடுக்க எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப்போகுது. என்கிட்டப் படிச்சவுகள்ல பாதிப் பேரைவிட இது நல்லா ஓட்டுது.”

“என்னையச் சொல்லலியே, ஆச்சி?” என்றேன்.

“உங்களை எதுக்குச் சார் இப்பச் சொல்லிக்கிட்டு?” என்றார். சௌபர்ணிகா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவளும் நேர்மையானவள், “நான் நெனச்சதைவிட நல்லாத்தான் ஓட்டுது, அயித்தை” என்று ஒப்புக்கொண்டாள்.

நாச்சியாபுரத்தைத் தாண்டியபோது சாலையின் ஒரு பாதியை நெல் மறைத்திருந்தது. தை மாதத்தில் இப்பக்கத்துச் சாலைகள் களமாகிவிடும். அறுத்த நெல்லைத் தாரில் பரப்பி, சுற்றிலும் கற்களை வைத்துக் காயப்போடுவார்கள். எதிரே ஒரு டிராக்டர் வந்து நின்றது. அதை ஓட்டியவர், ‘நீ முதலில் போ’ என்று கையை அசைத்தார். காருக்குக் கோடும் தெரியவில்லை, கையும் புரியவில்லை. நின்றுவிட்டது. திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றிக் கீச்சிடத் தொடங்கியது. சதீஷ்குமார் சக்கரத்தைப் பற்றி, மண்ணோரத்தில் இறக்கி, நெல்லைத் தாண்டி வண்டியை நிறுத்தினார்.

நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த சின்னக்கண்ணு என்னும் பெண் காரின் அருகில் வந்தார். ஆச்சியின் எல் பலகை வண்டியை அச்சாலையில் அன்றாடம் பார்ப்பவர் அவர்.

“என்ன ஆச்சி, இன்னைக்குக் கூட்டியாந்த பிள்ளைக்கு நெல்லுன்னா பயமா?”

“பயமில்ல சின்னக்கண்ணு, தெரியல. தெரியாதப்ப நிக்கிதுல்ல, அதுவே பெருசு.”

“யாரு, இந்தத் தம்பியா?”

“தம்பி இல்ல. வண்டியே ஓட்டுது.”

சின்னக்கண்ணு காரைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். “வண்டியேவா? அப்ப நெல்லு மேல ஏத்துனா நான் யாரை வையிறது? இந்தத் தகரத்தையா?”

எல்லாரும் சிரித்தோம். ஆச்சி சிரிக்கவில்லை. கார் புறப்பட்டுச் சிறிது தூரம் சென்றபின் சதீஷ்குமாரைக் கேட்டார்.

“தம்பி, அவ கேட்டதுக்கு என்ன பதில்?”

“எதுக்கு மேடம்?”

“யாரை வையிறது?”

“என்னையத்தான் மேடம். வண்டி தானா ஓடினாலும் பொறுப்பு ஓட்டுநர் சீட்டுல இருக்கிறவருக்குத்தான். அதுக்குச் சம்மதிச்சாத்தான் வண்டியக் குடுப்பாங்க.”

“குன்றக்குடியில ஓட்டுனது யாரு?”

“வண்டி.”

“அங்க யாரையாச்சும் இடிச்சிருந்தா?”

“நான்.”

“கம்பெனி?”

“கம்பெனி வராது மேடம்.”

நாராயண் முன்புறம் சாய்ந்தான். “சட்டம் இன்னும் அதுக்கு வரல, சின்னாத்தா. வந்ததும் எல்லாம் மாறும்.”

“மருந்துக் கடைக்குத் தட்டி செஞ்சு குடுக்கச் சொல்லி என்கிட்ட எந்தச் சட்டமும் வரலியேப்பா” என்றார் ஆச்சி.

மாலையில் அதே கட்டில், அதே பாயில் புள்ளிகள் கூடின. வெளியூர் செல்லவேண்டியவர்கள் பெட்டிகளைக் கட்டி முற்றத்தில் வைத்திருந்தனர். ஆச்சி எழுந்து நின்றே பேசினார்.

“வண்டி நல்லா ஓட்டுது. இதை மொதல்ல சொல்லிடுறேன். ஆட்டைப் பாத்துச்சு, கூட்டத்தைப் பாத்துச்சு. பொறுமை இருக்கு. நெல்லைப் பாத்து நின்னுச்சு. அதுல தப்பில்ல, தெரியாட்டி நிக்கணும்னுதான் நானும் சொல்லிக் குடுக்குறேன். இன்னும் கொஞ்ச காலத்துல நெல்லும் அதுக்குத் தெரிஞ்சுரும். என் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு வர்றது நிச்சயம். எப்பன்னு எனக்குத் தெரியாது.”

நாராயண் வெற்றி பெற்றவனாக மனைவியைப் பார்த்தான்.

“ஆனா வித்துருவோம்” என்றார் ஆச்சி.

“சின்னாத்தா!”

“கேளுப்பா. என்கிட்டப் படிக்கிற பிள்ளை இடிச்சா நான் போய் நிப்பேன். ஏன்? அது ஓட்டும்னு நம்பித்தான ரோட்டுக்குக் கூட்டிப்போறேன். அந்தப் பிள்ளைக்கு லைசென்சு வந்த அன்னைக்குத்தான் என் கால பிரேக்குல இருந்து எடுக்குறேன். இந்தக் கம்பெனி வண்டிய ஓட்ட விடுது. இடிச்சா மட்டும், உள்ள உக்காந்திருக்கிறவன் ஓட்டுனான்னு சொல்லுது. வண்டியப் பெத்தவுகளே தைரியமா முன்னால நிக்கல. அவுகளே நம்பாததை, அவுகளைவிடக் கூடுதலா நாம எதுக்கு நம்பணும், அதுவும் பொதுக் காசுல?”

“வெலை ஏறுச்சுன்னா?”

“ஏறலாம். ஏறாதுன்னு நான் சொல்லவே இல்லியே. அது எனக்குத் தெரியாது. கம்பெனி என்னைக்கு ‘எங்க வண்டி இடிச்சா நாங்க வந்து நிக்கிறோம்’னு சொல்லுதோ, அன்னைக்கு வெலை ரெட்டிப்பா இருந்தாலும் வாங்கச் சொல்லி மொதல் ஆளா நான் வருவேன். அதுவரைக்கும் அது எல் போர்டு. எல் போர்டை நம்பி இந்தக் கூரைய விட முடியாது.”

“அப்ப உள்ளுக்குள்ள பயந்துட்டீக, அப்பிடித்தான?” என்றான் நாராயண், பாதி விளையாட்டாக.

“பயந்திருந்தா வண்டி நல்லா ஓட்டலன்னு சொல்லியிருப்பேனே, கிறுக்கா.”

நாராயண் இருந்த இடத்திலிருந்தே கைகளைக் கூப்பினான். மெய்யநாதன் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“எனக்குச் சாதகமாத்தான் சொல்லியிருக்கே, ஆத்தா. ஆனாலும் சாத்தப்பன் ஆசையா வாங்குனது. உனக்கு மனசு கேக்குதா?”

“அவுக வாங்குனப்பச் சரியாத்தான் வாங்குனாக, அதனாலதான் இன்னைக்குக் கூரை போடப் பணம் இருக்கு. அவுக இருந்திருந்தா இன்னைக்குக் காலையில அந்தச் சீட்டுல அவுக உக்காந்திருப்பாக. கேள்வியையும் அவுகளே கேட்டிருப்பாக.”

மூன்றரைக்கு மூன்று என்று முடிவாயிற்று. பங்குகள் விற்கப்பட்டன. மெய்யநாதனே மரம் தேர்ந்தெடுத்து அனுப்பினார். ஆடி பிறக்குமுன் கூரை வேலை முடிந்தது.

இடையில் சுடரோன் பங்கின் விலை ஏறியது. நாராயண் தொலைபேசியில் அழைத்து, “விட்டுட்டீகளே, சின்னாத்தா!” என்றான். “ஏறட்டும்ப்பா, நல்ல வண்டிதான” என்றார் ஆச்சி. சில வாரங்களில் விலை சரிந்தது. சௌபர்ணிகா மகிழ்ச்சியோடு அழைத்து, “நீங்க சொன்னது சரியாப் போச்சு, அயித்தை” என்றாள். “ஏறுனப்ப என் பேச்சு தப்பாகலையே, எறங்குனதும் அதுக்குச் சாட்சியாகாதுத்தா” என்று அவளையும் ஏமாற்றமடையச் செய்தார். தம் கணிப்பு பலித்தது என்று சொல்லிக்கொள்ள வாய்ப்பு வந்தும் அதனை வேண்டாமென்று தள்ளிய ஒருவரை நான் அன்றுதான் கண்டேன். முதலீடு செய்வோர் பலரை அறிவேன். பலித்ததை மட்டும் நினைவில் வைத்திருப்பது அவர்களின் பொது இயல்பு.

கணவர் தம் பெயரில் வாங்கியிருந்த பங்குகளை ஆச்சி என்ன செய்தார் என்று கேட்கத் தோன்றலாம். அவற்றையும் அதே நாளில் விற்றார். அந்தத் தொகையோடு கடனும் வாங்கி, ஒரு சுடரோன் காரையே வாங்கினார். நிறுவனத்தின் பங்கு வேண்டாம், வண்டி வேண்டும் என்னும் அவருடைய முடிவு ஊராருக்கு விளங்கவில்லை. வண்டியை நேராகப் பட்டறைக்குக் கொண்டுபோய் இடப்பக்கத்தில் இரண்டாவது பிரேக்கைப் பொருத்தச் சொன்னார். பிறகு முன்னும் பின்னும் எல் பலகையைக் கட்டினார். பகலில் பெண்கள் அதில் ஓட்டப் பழகுகிறார்கள். மாலையில், பயில்பவர்கள் போனபின், ஆச்சி வலப்பக்க இருக்கைக்கு மாறி அமர்ந்து, எல் பலகையைக் கழற்றாமலே, தானே ஓடும்படி விட்டுக் குன்றக்குடிச் சாலையில் அதற்குத் தேர்வு வைக்கிறார். நிறுவனம் மென்பொருளைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அத்தேர்வு நடைபெறும். தேறிய பகுதியைப் பாராட்டியும், தேறாத பகுதியைக் கண்டித்தும் வண்டியோடு அவர் பேசிக்கொண்டு செல்வதைக் கண்டவர்கள் உண்டு.

இவ்வாண்டு தை மாதத்தில் ஒருநாள் நானும் உடன் சென்றேன். நாச்சியாபுரத்தைத் தாண்டி, சென்ற ஆண்டு நெல் காய்ந்த அதே இடத்தில் இவ்வாண்டும் நெல் காய்ந்தது. கார் வேகம் குறைந்தது. நெல்லின் விளிம்பைச் சிறிது நேரம் ஆராய்வதுபோல் நின்றது. பிறகு ஒரு மணியையும் மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கித் தானே கடந்தது. ஆச்சியின் முகத்தில், தம் மாணவி எட்டுப் போட்டு முடித்த நாளில் தோன்றும் அதே ஒளி தோன்றியது.

ஆச்சி வண்டியை ஓரமாக நிறுத்தினார். சின்னக்கண்ணு இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“அட, கத்துக்கிருச்சே! அப்பறம் ஏன் ஆச்சி இன்னும் எல் போர்டு? இதுக்கு லைசென்சு வரலையா?”

“கம்பெனிக்காரவுக இன்னும் வந்து நிக்கல, சின்னக்கண்ணு.”

“அப்ப நெல்லு மேல ஏத்துனா இன்னும் யாரை வையிறதுன்னு தெரியாதாக்கும்?”

ஆச்சி கண்ணாடியை முழுவதும் இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

“என்னைய வையி” என்றார்.